சென்னைக்கு ஓர் உணவாற்றுப்படை

முன்னுரை

வெளியூர்களிலிருந்து நம் தமிழ்த்துறைக்கு வாய்மொழித் தேர்வு நடத்த வரும் பேராசிரியப் பெருமக்களும், கன்னிமாரா நூலகத்தையும் உ.வே.சா. நூலகத்தையும் நாடி வரும் ஆய்வு மாணவர்களும், வந்திறங்கிய சிறிது நேரத்தில் தவறாது கேட்கும் வினா ஒன்று உண்டு. “இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும், சார்?” என்பதே அவ்வினா.

கேட்பதற்கு எளிய வினாவாயினும், விடையிறுப்பது எளிதன்று. கேட்பவர் புலால் மறுத்தவரா, ஹலால் பேணுபவரா, காரம் தாங்குவாரா, எவ்வளவு தொலைவு நடக்க வல்லவர், கைப்பொருள் எவ்வளவு என்பனவற்றையெல்லாம் அறிந்த பின்னரே விடை கூற இயலும். அண்மையில் ஒரு வாய்மொழித் தேர்வு நாளன்று, மரக்கறி உணவு மட்டுமே கொள்ளும் மூத்த பேராசிரியர் ஒருவரும், ஹலால் உணவில் உறுதியுடைய நம் ஆய்வு மாணவர் ஒருவரும், தேர்வு இனிதே நிறைவுற்ற மகிழ்ச்சியில் ஒருங்கே அமர்ந்து உண்ண விரும்பினர். இருவரையும் எங்கே அழைத்துச் செல்வது என நாம் சற்றுத் திகைத்தே நின்றோம். அன்று எழுந்த சிந்தனையே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

சென்னை மாநகரின் உணவகங்களையெல்லாம் பட்டியலிடுவது நம் நோக்கமன்று. அது ஒருவரால் ஆகக் கூடியதும் அன்று. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருவல்லிக்கேணியைச் சுற்றி வாழ்ந்தும் நடந்தும் உண்டும் அறிந்த சில இடங்களை, ஒரு நாள் பயணமாக வரும் விருந்தினர்க்குக் காலை முதல் இரவு வரை வரிசைப்படுத்திக் காட்டுவதும், அவ்விடங்களை நாம் ஏன் விரும்புகிறோம் என்பதை விளக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆற்றுப்படை காட்டும் நெறி

உணவு கிடைக்கும் இடத்திற்கு வழிகாட்டுதல் தமிழுக்குப் புதியதன்று. அதற்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்த மொழி நம் மொழி. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனுக்குத் தான் பெற்ற வளத்தைக் கூறி வழியும் காட்டி அனுப்புவது ஆற்றுப்படையின் அமைப்பாகும். பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் இவ்வகையின. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில், நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தில் சுட்ட குழல் மீனும், முல்லை நிலத்து வேலூரில் புளியிட்டுச் சமைத்த சோறும் இறைச்சியும், மருத நிலத்து ஆமூரில் வெண்சோற்றுடன் நண்டுக் கலவையும் கிடைக்கும் என ஊர்தோறும் உணவு சுட்டப்படுகிறது.

இன்றைய சென்னை அமைந்துள்ள தொண்டை நாட்டின் தலைவனான தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை இன்னும் விரிவானது. எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் என ஒவ்வொரு மக்களின் இருப்பிடத்திலும் பாணன் என்னென்ன உண்ணலாம் என்பதை அது நிரல்படக் கூறுகிறது. வேட்டுவர் மனையில் ஊன் உணவும், ஆயர் மனையில் பாலும் தினைச்சோறும், உழவர் மனையில் கோழிப் பொரியலும், அந்தணர் மனையில் மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் கூட்டிச் சமைத்த மரக்கறியும் மாவடுவும் கிடைக்கின்றன.

இப்பகுதியை வகுப்பறையில் நடத்தும்போதெல்லாம் நம் உள்ளத்தைத் தொடும் செய்தி ஒன்றுண்டு. ஒவ்வொரு மனையினரும் தத்தம் உணவையே தருகின்றனர். வந்தவனுக்காக அதை மாற்றிக்கொள்ளவில்லை. அதே வேளையில், வந்தவனை வாயிலில் நிறுத்தி, நீ யார் எவர் எனத் துருவி வினவவும் இல்லை. வேட்டுவர் குடிசையில் உண்ட அதே பாணன்தான் அந்தணர் மனையிலும் உண்கிறான். உணவில் வேறுபாடு உண்டு. உண்பவனிடத்து வேறுபாடு இல்லை. நல்ல உணவகம் எது என்று அளக்க இதனினும் சிறந்த அளவுகோலை நாம் கண்டதில்லை.

காலைச் சிற்றுண்டி

விருந்தினர் காலைப் பொழுதில் வந்திறங்கினால், திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கு வருமாறு அழைப்போம். காயிதே மில்லத் சாலை எனப் பெயர் மாற்றம் பெற்ற அச்சாலையில் 1948 முதல் இயங்கி வருவது ரத்னா கபே. இட்டிலியும் சாம்பாரும் இதன் சிறப்பு. இங்கே சாம்பார் இட்டிலிக்குத் துணையாக வருவதில்லை. இட்டிலிதான் சாம்பாரில் மூழ்கிக் கிடக்கும். கேட்கக் கேட்க ஊற்றுவர். இட்டிலியைக் கரண்டியால் சிறிது சிறிதாக வெட்டி, ஊறவிட்டு உண்பது இவ்விடத்து மரபு. ஆறிய பின் உண்பது அவ்வுணவுக்குச் செய்யும் அவமதிப்பு என்போம்.

இவ்வுணவகத்தைத் தொடங்கியவர் வடநாட்டு மதுராவிலிருந்து வந்தவர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. தென்னாட்டுச் சாம்பாருக்குப் பெயர்பெற்ற இடத்தை வடநாட்டார் ஒருவர் நிறுவினார் என்றால், சென்னையின் இயல்பை அதுவே உணர்த்திவிடும். இந்நகரின் நாவிற்கு உரிய சுவைகள் பல, எங்கிருந்தோ பிழைக்க வந்தவர் கைகளால் ஆக்கப்பட்டவையே.

சிற்றுண்டிக்குப் பின் காப்பி. நன்கு வறுத்து அரைத்த கொட்டையோடு சிறிதளவு சிக்கரி சேர்த்து, வடிகட்டியில் மெல்ல இறங்கிய வடிநீரில் கொதித்த பாலைக் கலந்து, வட்டைக்கும் குவளைக்குமாக ஆற்றித் தருவர். இன்று நம் பண்பாட்டின் அடையாளமாகவே கருதப்படும் இப்பானம், ஒரு காலத்தில் பெரியோரால் பழிக்கப்பட்ட புதுவரவு என்பதைப் பேராசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் சான்றுகளுடன் விளக்கியுள்ளார். இன்றைய பழைமை நேற்றைய புதுமை என்பதற்குக் காப்பியினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மயிலாப்பூரில் தங்குவோர் கபாலீசுவரர் கோயிலை ஒட்டிய கிழக்கு மாடவீதியில் உள்ள கற்பகாம்பாள் மெஸ்ஸை நாடலாம். அங்கே கீரை வடையும் அடை அவியலும் பெயர்பெற்றவை. பருப்புகளை ஊறவைத்துக் கொரகொரவென அரைத்து வார்க்கும் அடைக்கு, தேங்காயும் தயிரும் சேர்ந்த அவியல் பொருத்தமான துணை. உளுந்தின் மென்மைக்கு இட்டிலி சான்றாயின், பருப்பின் வன்மைக்கு அடை சான்று எனலாம்.

பெயர்ப்பலகையும் பந்தியும்

காலைச் சிற்றுண்டி உண்ட விருந்தினர்க்குத் திருவல்லிக்கேணியின் வரலாற்றில் ஒரு பக்கத்தைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. இன்று யாரும் எவ்வுணவகத்திலும் நுழைந்து எந்த நாற்காலியிலும் அமரலாம் என்னும் நிலை தானாக வந்ததன்று. முன்னாளில் உணவகங்கள் பலவற்றில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. தொடர்வண்டி நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இப்பிரிவினை நிலவிற்று. பெரியாரின் முயற்சியால் 1941-இல் அங்கு அது நீங்கிற்று. அதன் பின்னரும் உணவகங்களின் பெயர்ப்பலகைகளில் ‘பிராமணாள்’ என்னும் சொல் நிலைத்திருந்தது. 1957-இல் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் உணவகத்தின் முன் பெரியார் மறியலைத் தொடங்கினார். பல மாதங்கள் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து கைதாயினர். இறுதியில் அச்சொல் பலகையிலிருந்து அகற்றப்பட்டது.

ஒரு பலகையிலிருந்த ஒரு சொல்லுக்காக இத்துணைப் போராட்டமா என இளைய மாணவர் சிலர் நம்மிடம் வினவுவதுண்டு. அவர்களுக்கு நம் வாழ்வில் நிகழ்ந்த சிறு செய்தியொன்றைக் கூறுவோம். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக நாம் சென்னைக்கு வந்த புதிதில், தங்குவதற்கு அறை தேடித் தெருத்தெருவாக அலைந்தோம். ஓரிடத்தில் அறையைக் காட்டி, வாடகையைப் பேசி, முன்பணமும் முடிவு செய்த பின், கடைசியாகப் பெயரைக் கேட்டனர். பெயரைச் சொன்னோம். “அடடா, இந்த அறையை நேற்றே ஒருவருக்குச் சொல்லிவிட்டோமே” என்றனர். அவர்கள் குரலில் கடுமை ஏதும் இல்லை. அதுவே நமக்குப் பெரிதும் வலித்தது.

அன்று மாலை பசியோடு அப்பகுதி உணவகம் ஒன்றில் நுழைந்தோம். நெற்றியில் திருமண் இட்ட முதியவர் ஒருவர், தமக்கு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, “உட்காருங்கோ தம்பி, இங்கே காலியாத்தான் இருக்கு” என்றார். பெயர் கேட்டு மறுக்கப்பட்ட நாளிலேயே, பெயர் கேளாது அமர்த்தப்பட்டோம். அன்று உண்ட உணவு இன்னதென்று இன்று நினைவில் இல்லை. அந்த நாற்காலி நினைவில் இருக்கிறது. அந்த நாற்காலி நம்மவர் எல்லார்க்கும் உரியதாகும்படி முன்னோர் போராடியிருக்கின்றனர் என்பதை அறிந்தபோது, 1957-ஆம் ஆண்டு நமக்கு வெறும் ஆண்டுக் குறிப்பாகத் தோன்றவில்லை.

நண்பகலும் கடல் தரும் உணவும்

கடற்கரை நகருக்கு வந்தவர் மீன் உண்ண விரும்புவது இயல்பு. சேப்பாக்கம் மட்டைப்பந்து அரங்கிற்கு அண்மையிலுள்ள தெருவொன்றில் 1961 முதல் நடந்துவருவது நாயர் மெஸ். கேரளத்திலிருந்து வந்தோரின் உழைப்பில் உருவான இவ்விடத்தில் நண்பகலில் சோறும் மீன் குழம்பும் வறுத்த வஞ்சிரமும் உண்ணப் பலரும் காத்து நிற்பதைக் காணலாம். அலுவலக எழுத்தர், வழக்குரைஞர், மாணவர், ஆட்டோ ஓட்டுநர் என யாவரும் ஒரே வரிசையில் நிற்பர். முன்னர் வந்தவர்க்கு முன்னர் இடம் என்பதைத் தவிர வேறு முறை இல்லை.

மீன் உண்ண வருவோர் ஒரு செய்தியை அறிந்துகொள்ளுதல் நலம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. மீன்கள் முட்டையிட்டு இனம் பெருகும் காலத்தைக் காக்கும் ஏற்பாடு இது. இக்காலத்தில் காசிமேட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கரையணைந்து நிற்கும். சிறு படகுகளில் சென்று பிடித்து வரும் மீனும், மேற்குக் கடற்கரையிலிருந்து பனிக்கட்டியிட்டு வரும் மீனுமே அப்போது சந்தைக்கு வரும், விலையும் ஏறும். ஆதலின் அந்நாட்களில் வருவோர், பெரிய மீனை நாடாமல், அன்றன்று கரைசேரும் நெத்திலி, சங்கரா போன்றவற்றை நாடுவது அறிவுடைமை. “இன்று என்ன மீன் வந்தது?” என்று கேட்டுவிட்டு உண்பதே கடற்கரை நகரில் உண்ணும் முறை. விலைப்பட்டியலைப் பார்த்து மீனைத் தேர்வது உள்நாட்டார் வழக்கம்.

முன்னுரையில் குறித்த பேராசிரியரையும் ஆய்வு மாணவரையும் அன்று அப்பகுதி உணவகம் ஒன்றிற்கே அழைத்துச் சென்றோம். பேராசிரியர்க்குச் சோறும் கூட்டும் மோரும் வந்தன. நம் மாணவர்க்கு எதிரில் மீன் குழம்பு வந்தபோது, அவர் கை நீளாமல் தயங்கினார். ஆசிரியர் முன் எப்படி உண்பது என்னும் கூச்சம் அது. அதனைக் கண்ட பேராசிரியர், “நீங்கள் தாராளமாகச் சாப்பிடுங்கள் தம்பி. என் இலையில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கவலை, பக்கத்து இலையில் என்ன இருக்கிறது என்பது அன்று” என்றார். அன்று நம் மாணவர் ஆய்வேட்டுக்குப் பெற்ற பாராட்டினும் இச்சொல்லே நமக்குப் பெரிதாகப் பட்டது.

பிரியாணி

சென்னைக்கு வந்தவர் பிரியாணி உண்ணாது மீள்வது அரிது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768-இல் சேப்பாக்கம் அரண்மனையைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டபின், திருவல்லிக்கேணியைச் சுற்றி முஸ்லிம் குடியிருப்புகள் பெருகின. நவாபின் அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்தோரின் சமையல், காலப்போக்கில் நகரின் பொதுச் சமையலோடு கலந்தது.

அண்ணா சாலையில் 1951-இல் ஏ.எம். புஹாரி தொடங்கிய புஹாரி உணவகம் இவ்வகையில் பலரும் அறிந்தது. ‘சிக்கன் 65’ என்னும் உணவு 1965-இல் தங்கள் உணவகத்தில் தோன்றியதாக அதன் உரிமையாளர்கள் கூறுவர். 65 நாள் வளர்ந்த கோழி என்றும், 65 துண்டுகள் என்றும், விலைப்பட்டியலில் 65-ஆம் எண் என்றும் மக்கள் கூறும் கதைகளும் பல உண்டு. ஒரு சொல்லின் தோற்றம் மறைந்துபோனால் மக்கள் அதற்குப் புதுப்புதுக் காரணங்கள் படைப்பர் என்பதை மொழியியல் மாணவர்க்கு விளக்க நாம் வகுப்பில் பயன்படுத்தும் எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று. மாணவர் மறப்பதேயில்லை!

பிரியாணி என்பது ஒரே உணவின் பெயரன்று என்பதையும் விருந்தினர் அறிதல் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் சிறுமணியான சீரகச் சம்பா அரிசியில் ஆக்குவர். எண்ணெய்க் கத்திரிக்காய் உடன் வரும். சென்னைக் கடைகள் பலவற்றில் நீண்ட மணியுடைய பாசுமதி வழங்குகிறது. அரிசி எதுவாயினும் அடிப்படை ஒன்றே. இறைச்சியை மசாலையில் வேகவிட்டு, பாதி வெந்த அரிசியை அதனோடு கூட்டி, மூடியின் மேல் தணல் இட்டு, ஆவி வெளியேறாதபடி ‘தம்’ போடுவர். அந்த அடைப்பில்தான் இறைச்சியின் சாறு அரிசிக்குள் இறங்குகிறது. ஆதலின் அண்டாவின் மூடி திறக்கும் வேளையை விசாரித்துச் செல்வது நன்று. பெரும்பாலும் அது நண்பகல். மாலையில் மீளச் சூடேற்றிய பிரியாணியை உண்டுவிட்டு, சென்னைப் பிரியாணி சிறப்பில்லை என்று தீர்ப்புக் கூறுதல் முறையன்று.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் நெய்ச்சோற்றையும் கறியையும் ஒரு பெரிய தட்டில் இட்டு, அதனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் ‘சஹன்’ முறை உண்டு. செல்வர்க்கு ஒரு தட்டு, ஏழைக்கு ஒரு தட்டு என்பது அதில் இல்லை. யார் பக்கத்தில் இடம் காலியாக உள்ளதோ அங்கே அமரவேண்டியதுதான். நம் பாட்டனார் காலத்துத் திருமணங்களில், ஊர்ப் பெரியவரும் அவர் வீட்டு வண்டியோட்டியும் ஒரே சஹனில் கையிட்டு உண்டதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். உணவகத்துக்கு அம்முறை பொருந்தாது. அதன் உட்பொருள் எவ்விடத்துக்கும் பொருந்தும்.

மாலையும் இரவும்

மாலையில் மெரினாவுக்குச் செல்லலாம். தேங்காயும் மாங்காயும் பட்டாணியும் கலந்த சுண்டலைத் தாளில் மடித்துத் தருவர். கடலைப் பார்த்தபடி அதனை உண்பதற்கு எவ்வுணவகமும் ஈடாகாது. மணலில் இடம் பிடிக்க முன்பதிவும் வேண்டுவதில்லை.

இருள் சூழ்ந்தபின், கடற்கரைத் தொடர்வண்டி நிலையத்தை அடுத்த பாரிமுனைப் பகுதிக்கு விருந்தினரை அழைத்துச் செல்வோம். அங்குள்ள தெருவோரக் கடைகளில் ‘அத்தோ’ என்னும் பர்மிய உணவு கிடைக்கும். வேகவைத்த நூலுணவோடு முட்டைக்கோசு, வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், புளிநீர் ஆகியவற்றைச் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவர். உடன் வாழைத்தண்டுச் சாறும் வரும். அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயத்தை உள்ளே வைத்துத் தருவதும் உண்டு.

இவ்வுணவு இங்கு வந்த வரலாறு துயரமானது. தலைமுறைகளாகப் பர்மாவில் வாழ்ந்து, வணிகம் செய்தும் வயலில் உழைத்தும் வந்த தமிழர் பல்லாயிரவர், 1962-இல் அங்கு இராணுவ ஆட்சி ஏற்பட்டு, கடைகளும் நிறுவனங்களும் நாட்டுடைமையாக்கப்பட்டபின், தேடிய பொருளை விட்டுவிட்டுத் தாயகம் திரும்பினர். அவ்வாறு திரும்பியோரின் வாழ்வாதாரத்திற்காக 1969-இல் ஏற்பட்டதே பர்மா பஜார். நிலத்தையும் நகையையும் கொண்டுவர இயலாதவர்கள் கைப்பக்குவத்தைக் கொண்டுவந்தனர். அதனைப் பறிக்க எவ்வரசாலும் இயலவில்லை. ஒரு தட்டு அத்தோவை உண்டு முடிக்குமுன் இச்செய்தியை நம் மாணவர்க்குச் சொல்லிவிடுவது நம் வழக்கம்.

மறைந்தனவும் தோன்றினவும்

உணவகங்களும் மாந்தரைப் போலவே நிலையாமைக்கு உட்பட்டவை. கதீட்ரல் சாலையில் 1962-இல் தொடங்கி, எழுத்தாளரும் மாணவரும் கூடிப் பேசும் களமாக விளங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் 2008-இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா அமைந்தது. தமிழ் மாணவர்க்குப் பெயரளவில் அது மகிழ்ச்சிக்குரியதே. ஒரு குவளைக் காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உரையாட இடம் தந்த அந்த மரநிழலை மூத்தோர் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

புதியனவும் தோன்றின. 2013-இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களில் ஓர் இட்டிலி 1 ரூபாய்க்கும், சாம்பார் சோறு 5 ரூபாய்க்கும், தயிர்ச்சோறு 3 ரூபாய்க்கும் வழங்கப்பட்டன. மருத்துவமனை வாயிலில் நோயாளிக்குத் துணையாக வந்து காத்திருப்போர்க்கும், கட்டட வேலைக்கு வந்தோர்க்கும் அது எத்துணை ஆறுதல் என்பதை அங்கு வரிசையில் நின்று பார்த்தால்தான் விளங்கும். விருந்தினர் ஒருமுறையேனும் அங்கே உண்டு பார்க்கலாம். ஒரு நகரம் தன் எளியோரை எவ்வாறு ஊட்டுகிறது என்பதை அறியாமல் அந்நகரின் உணவை அறிந்தோம் எனக் கூற இயலாது.

நோன்பு மாதத்து மாலை

விருந்தினர் ரமலான் மாதத்தில் வந்தால், நாம் அவரை உணவகம் எதற்கும் அழைத்துச் செல்வதில்லை. ரத்னா கபே உள்ள அதே நெடுஞ்சாலையில் அமைந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்கு அழைத்துச் செல்கிறோம். 1795-இல் கட்டப்பட்ட இப்பள்ளிவாசலில், அது எழுந்த ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டு வரிகளை யாத்தவர் ராஜா மக்கன் லால் கிராத் என்னும் இந்து அறிஞர். கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் அவர்களின் அடக்கத்தலமும் இவ்வளாகத்திலேயே உள்ளது.

இங்கு நோன்பு திறக்கும் வேளையில் நூற்றுக்கணக்கானோர் வரிசையாக அமர்ந்திருக்க, அவர்களுக்கு உணவு பரிமாறுவோர் சிந்தி இந்துக்கள். நாட்டுப் பிரிவினையின்போது சிந்து நிலத்தை விட்டு ஏதிலியாகச் சென்னை வந்த தாதா ரத்தன்சந்த் நிறுவிய சூஃபிதார் அறக்கட்டளையின் தொண்டர்கள் அவர்கள். மயிலாப்பூரில் மரக்கறி உணவாகவே சமைத்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, தலையில் தொப்பி அணிந்து, பல பத்தாண்டுகளாக இப்பணியைச் செய்து வருகின்றனர். பிரிவினையில் ஊரை இழந்தவர் உள்ளத்தில் கசப்பு வளர்ந்திருக்க எல்லாக் காரணமும் உண்டு. அவர் வளர்த்ததோ நோன்பாளிகளுக்கு உணவிடும் அறம். மரக்கறியாளர் சமைத்ததைப் புலால் உண்போர் மகிழ்ந்து உண்கின்றனர். அவர்கள் தம் உணவை மாற்றவில்லை. இவர்கள் தம் நோன்பை மாற்றவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் கண்ட நெறி ஈண்டுக் கண்முன் நிகழ்கிறது.

உணவகம் தேரும் முறை

இக்கட்டுரையில் கூறிய இடங்கள் சிலவே. கூறாதன பல. ஆதலின் விருந்தினர் தாமே நல்ல உணவகத்தைத் தேர்ந்தறிய நாம் கைக்கொள்ளும் முறையைச் சுருங்கக் கூறுவோம். விளம்பரப் பலகையின் ஒளியைக் காட்டிலும், உள்ளே அமர்ந்து உண்போர் யாவர் என்பதைக் காண்க. அப்பகுதியில் உழைப்போர் அங்கே உண்கின்றனரெனின், விலையும் சுவையும் நேரியவை. நூறு பண்டங்களின் பட்டியல் தொங்கும் கடையினும், நாலைந்து பண்டங்களை மட்டும் நாள்தோறும் ஆக்கும் கடை மேலானது. “தீர்ந்துவிட்டது” என்று சொல்லத் தயங்காத கடை, நேற்றைய உணவை இன்று தராது. இறுதியாக, அழுக்கேறிய உடையுடன் ஒருவர் நுழையும்போது பரிமாறுபவர் முகம் எவ்வாறு மாறுகிறது என்பதை நோக்குக. மாறாதெனின், அங்கே நம்பி அமரலாம்.

முடிவுரை

எதை உண்பது, எதை விலக்குவது என்பது அவரவர் சமயமும் மரபும் உடல்நிலையும் சார்ந்தது. அதில் பிறர் தலையிடலாகாது. ஹலால் பேணுவோரும் புலால் மறுப்போரும் தத்தம் நெறியில் உறுதியாக நிற்கலாம், நிற்கவும் வேண்டும். எவரோடு அமர்ந்து உண்பது என்பதில் மட்டும் தடை கூடாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதாலேயே தீங்குகள் பல விளைகின்றன. இலை வேறாக இருக்கலாம். பந்தி ஒன்றாக இருத்தல் வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நகர வாழ்வில் நம் வீடுகள் சுருங்கிவிட்டமையால், அக்கடமையின் ஒரு பகுதியை உணவகங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. நம் மாணவர்கள் நாளை பல ஊர்களில் பணிபுரியச் செல்வர். அவ்வூர்களுக்கு வருவோர், “நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?” என்று அவர்களிடமும் கேட்பர். அப்போது அவர்கள் சுவையான இடத்தைக் காட்டட்டும். பெயர் கேளாது நாற்காலியைக் காட்டும் இடமாகவும் அது அமையட்டும். அத்தகைய இடம் அவ்வூரில் கிடைக்கவில்லையெனில், விருந்தினரைத் தம் வீட்டிற்கே அழைத்துச் செல்லட்டும்.